சிம்மாசனம் சுமப்பவர்கள்: ஷிராஸ் பக்கத்து அரச நகரங்களில்

சனி, பசர்கடே

ஈரானின் ஷிராஸிலிருந்து வடகிழக்கே சுமார் 130 கி.மீ. பெரும்பாலானோர் பெர்சிபோலிஸைப் பார்த்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் இங்கே எட்டிப் பார்க்கிறார்கள். நான் இதை முதலில் வைத்துக்கொண்டேன். கட்டப்பட்ட வரிசையிலேயே பார்த்தால்தான் எது எதிலிருந்து வந்தது என்று பிடிபடும். டிரைவருக்கு இது சரியாகப் படவில்லை. "எல்லோரும் தக்தே ஜம்ஷீத்தில்தான் ஆரம்பிப்பார்கள், மிஸ்டர்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பெர்சிபோலிஸை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

வெட்டவெளியில் தனியாக நிற்கிறது, பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸின் கல்லறை. ஆறு அடுக்காக ஏறும் கல்மேடை, அதன் உச்சியில் இருபுறமும் சரிந்த கூரையோடு ஒரு சின்ன அறை. மொத்தமே 11 மீட்டர் உயரம்தான். கி.மு. 559 முதல் 530 வரை ஆண்டு, ஏஜியன் கடற்கரை தொடங்கி மத்திய ஆசியா வரை வளைத்துப்போட்ட மனிதருக்கு இவ்வளவுதானா என்று முதலில் தோன்றுகிறது. ஒரு சுற்று சுற்றி வந்த பிறகு அந்தக் கேள்வி எழவில்லை. சிற்பம் என்று சொல்ல ஏதுமில்லாத கட்டடம் இது. கல்லோடு கல் சேரும் கோடுதான் இதற்கு அலங்காரம். சாந்து கிடையாது, இரண்டு முனையும் அகன்று நடுவில் ஒடுங்கிய உலோகக் கவ்விகளால் கற்களைப் பிணைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் யாரோ அந்த இரும்புக்கும் ஈயத்துக்கும் ஆசைப்பட்டுக் கவ்விகளைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். படிகளின் மூட்டுகளில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வரிசையாகக் குழிகள். கவ்வி போன பிறகும் கல் நகரவில்லை. கட்டியவர்களுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

இந்த நுணுக்கம் மேற்கிலிருந்து வந்தது. சைரஸ் இன்றைய மேற்குத் துருக்கியில் இருந்த லிடியாவின் தலைநகர் சார்டிஸைப் பிடித்த பிறகு, அங்கிருந்தும் பக்கத்துக் கிரேக்கக் கடற்கரையான ஐயோனியாவிலிருந்தும் கல்தச்சர்கள் இங்கே வந்து வேலை செய்தார்கள். பல் வைத்த உளியின் தடம் சைரஸ் காலத்துக் கற்களில் இல்லை, அடுத்த தலைமுறையின் வேலையில் இருக்கிறது. எது முன்னால், எது பின்னால் என்று ஆய்வாளர்கள் பிரிப்பதற்கு இந்தத் தடம் பெரிய துணை.

அலெக்சாண்டர் வந்தபோது கல்லறை கொள்ளை போயிருந்தது. சீர்செய்யச் சொல்லி ஆள் போட்டார் என்று பழைய கிரேக்க ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறகு சைரஸின் பெயரே ஊருக்கு மறந்துபோய், இது சாலமோனின் தாயார் அடங்கிய இடமாகிவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் அரண்மனைத் தூண்களைக் கொண்டுவந்து கல்லறையைச் சுற்றி மசூதி எழுப்பினார்கள். 1971இல் அந்தத் தூண்களை எடுத்துத் திரும்ப அரண்மனைப் பக்கம் கொண்டுபோனார்கள். அப்புறம் யோசித்தால், அந்த மறதிதான் இதைக் காப்பாற்றியிருக்கிறது. புனிதவதி ஒருவரின் சமாதியை யார் இடிப்பார்கள்?

நான்கு இறக்கை உருவம் தள்ளியிருக்கும் வாயிலில் நிற்கிறது. அசீரிய இறக்கை, தென்மேற்கு ஈரானின் பழைய நாடான எலாமின் அங்கி, தலையில் எகிப்திய கிரீடம். சும்மா நாலு ஊர்த் துணியை எடுத்து ஒட்டுப்போட்ட மாதிரி இல்லை, ஒரே உடம்பாக நிற்கிறது. அதன் மேல் முன்பு ஒரு கல்வெட்டு இருந்ததை 19ஆம் நூற்றாண்டுப் பயணிகள் வரைந்து வைத்திருக்கிறார்கள், இப்போது இல்லை. "நான் சைரஸ், அரசன், அகாமனிசியன்" (அகாமனிசிய அரச குலத்தவன்) என்ற அதே வாசகம் அரண்மனைத் தூணில் மூன்று மொழிகளில் இன்னமும் இருக்கிறது. இதைப் பொறித்தது சைரஸே இல்லை, பின்னால் வந்த டேரியஸ் என்று பலர் கருதுகிறார்கள். பழைய பாரசீக எழுத்தே டேரியஸ் காலத்தில்தான் வழக்குக்கு வந்தது என்பது அவர்கள் வாதம். டேரியஸ் சைரஸின் நேர் வாரிசு இல்லை, கலகத்தின் நடுவே ஆட்சியைப் பிடித்தவர். முன்னோரின் தூணில் குடும்பப் பெயரை எழுதிவைக்க அவருக்குக் காரணம் இருந்தது.

ஞாயிறு, பெர்சிபோலிஸ்

ஷிராஸிலிருந்து ஒரு மணி நேரம், மர்வ்தஷ்த் ஊரைத் தாண்டி. நுழைவுப் பாதையின் ஓரத்தில் 1971 கொண்டாட்டத்துக்கு அன்றைய ஈரான் மன்னர் ஷா போட்ட கூடாரங்களின் இரும்புச் சட்டங்கள் இன்னும் நிற்கின்றன. 2500 ஆண்டு முடியாட்சி என்று உலகத் தலைவர்களை அழைத்து விருந்து வைத்தார். எட்டு ஆண்டுகளில் முடியாட்சியே போய்விட்டது.

மேடையை டேரியஸ் கி.மு. 518 வாக்கில் தொடங்கினார். மலையடிவாரத்தைச் சீவியும் நிரப்பியும் எழுப்பிய இதன் பரப்பு சுமார் 1,25,000 சதுர மீட்டர். மேலே போக இரண்டாகப் பிரிந்து மறுபடி கூடும் படிக்கட்டு, பக்கத்துக்கு 111 படிகள். ஒவ்வொரு படியும் சுமார் 10 செ.மீ. உயரம்தான். குதிரையில் ஏறிப்போகத்தான் இப்படி என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. தரை புரளும் அங்கியோடு, பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டே மூச்சு வாங்காமல் ஏறுவதற்கு இந்த உயரம் போதும். அப்படிப் பேசிக்கொண்டு ஏறுபவர்களையே உள்ளே செதுக்கியும் வைத்திருக்கிறார்கள்.

மேலே டேரியஸின் மகன் செர்க்ஸஸ் கட்டிய அனைத்து நாடுகளின் வாயில். மனிதத் தலையும் காளை உடலும் இறக்கையுமாக அசீரியப் பாணிக் காவல் உருவங்கள். அவற்றின் மேல் பயணிகளின் கிறுக்கல்கள். 'நியூயார்க் ஹெரால்ட்' பத்திரிகை நிருபர் ஸ்டான்லி 1870இல் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் வெட்டியிருக்கிறார். கொஞ்சம் தேடினால் கேப்டன் ஜான் மால்கம், ஆண்டு 1800. இவர் பதின்வயதில் மதராஸ் படையில் சேர்ந்து, ஸ்ரீரங்கப்பட்டணப் போரைப் பார்த்துவிட்டு, மறு ஆண்டே கம்பெனியின் தூதராகப் பாரசீகம் வந்தவர். நம் ஊர்க் கோட்டைச் சுவர்களிலும் ஆர்.கே. லவ்ஸ் பி.எம். இருக்கிறதே என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். இதில் சமூக வேறுபாடு கிடையாது.

அபதானா, அதாவது பெரிய தர்பார் மண்டபம். 72 தூண்களில் 13தான் இப்போது நிற்கின்றன; ஒவ்வொன்றும் 20 மீட்டரை நெருங்கும். இவ்வளவு மெலிந்த தூண்களை இவ்வளவு இடைவெளி விட்டு நிறுத்த முடிந்தது கூரை மரத்தால் ஆனதால். அதே மரம்தான் இதற்கு எமனாகவும் வந்தது, அதை நாளைக்கு எழுதுகிறேன்.

கிழக்குப் படிக்கட்டு நீண்டகாலம் மண்ணுக்குள் இருந்தது. 1930களில் தொல்லியலாளர் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் குழு தோண்டி எடுத்ததால் முகங்கள் மழுங்காமல் கிடைத்தன. இப்போது கூரை போட்டிருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போதே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் எல்லாம் தட்டையாகிவிடும்.

பேரரசின் 23 நாட்டுக் குழுக்கள் அரசருக்குக் காணிக்கை கொண்டு வருகின்றன. குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே ஒரு சைப்ரஸ் மரம். ஒவ்வொரு குழுவின் தலைவரையும் பாரசீக அல்லது (வடமேற்கு ஈரானின்) மீடிய அதிகாரி ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். அந்தக் கையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுக்கவில்லை, தள்ளவில்லை. கல்யாண வீட்டில் பெரியவரைப் பந்திக்கு அழைத்துப் போகும் பிடி அது. எலாமியர்கள் ஒரு பெண் சிங்கத்தைக் கயிற்றில் பிடித்து வருகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் கையில் ஆளுக்கொரு குட்டி. தாய் முன்னால் நடந்தபடியே கழுத்தைத் திருப்பிக் குட்டிகளைப் பார்க்கிறது, வாய் திறந்திருக்கிறது. ஊர்வலம் முழுக்க ஒரே தாளத்தில் நடக்க, இந்த ஒரு கழுத்து மட்டும் தாளம் தப்புகிறது. செதுக்கியவர் யாரோ, தனக்குக் கொடுத்த மாதிரிப் படத்தைத் தாண்டிச் சிங்கத்தையும் பார்த்திருக்கிறார்.

இந்தியர்கள் மேல் உடம்பில் துணி இல்லாமல், இடுப்பு வேட்டியோடு வருகிறார்கள். ஒருவர் தோளில் காவடி, இரண்டு பக்கமும் தட்டு, தட்டில் சிறு மூட்டைகள். தங்கப் பொடி என்கிறார்கள். இந்தியா ஆண்டுக்கு 360 தாலந்து (பழைய எடை அளவு) தங்கப் பொடி கட்டியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது இதற்குப் பொருந்துகிறது. பின்னால் ஒரு கழுதை. இது சிந்து நதிக்கரைப் பக்கம், தெற்கிலிருந்து யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் காவடியைப் பார்த்ததும் எனக்குத் தோள் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.

இவ்வளவு பெரிய பேரரசின் தலைநகரில் மனிதனை மனிதன் அடிக்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. அரசன் மிருகத்தோடு சண்டை போடுகிறான், சிங்கம் காளையைக் கடிக்கிறது, அவ்வளவுதான். மத்திய ஆசியாவின் கூர்த்தொப்பிச் சகர்கள் இடுப்பு ஆயுதத்தைக்கூடக் கழற்றாமல் வருகிறார்கள். படிக்கட்டின் மறுபக்கம் பிரபுக்கள் பூவைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பேசுகிறார்கள், முன்னால் போகிறவர் தோளில் கை போடுகிறார்கள்.

அழகுதான். ஆனால் இதே டேரியஸ் கொஞ்ச காலம் முன்பு, கி.மு. 520 வாக்கில், மேற்கே பிசுதுன் மலையில் வெட்டவைத்தது வேறு மாதிரி. அதில் எதிரியின் நெஞ்சில் அவர் கால் இருக்கிறது. முன்னால் கழுத்தில் கயிறு கட்டிய ஒன்பது கலகத் தலைவர்கள். மிதிக்கத் தெரியாமல் இங்கே கையைப் பிடிக்கவில்லை. போர் வழிமேல் ஒன்று, விருந்து மண்டபத்தில் ஒன்று என்று பார்த்துத்தான் செய்திருக்கிறார்.

திங்கள், மறுபடி பெர்சிபோலிஸ்

நேற்று பார்க்காமல் விட்டது அதிகம் என்பதால் மறுபடி வந்தேன். டிரைவர் வண்டியிலேயே தூங்கிவிட்டார்.

முடிக்கப்படாத வாயில் ஒன்று வடக்கே இருக்கிறது. கூட்டமே இல்லை. எனக்கு இதுதான் இந்த வளாகத்தின் சிறந்த பள்ளிக்கூடம். காளையின் உருவம் பாதியில் நிற்கிறது. சில இடத்தில் கட்டைக் கொத்து, சில இடத்தில் பல் உளியின் நெருக்கமான கோடுகள், மெருகு எங்கேயும் ஏறவில்லை. எந்த வரிசையில் வேலை நடந்தது என்று விரலால் தொட்டுப் படிக்கலாம் போலிருக்கிறது. தொடக்கூடாது, தெரியும்.

மெருகைப் பார்க்க டேரியஸின் தச்சரா அரண்மனைக்குப் போக வேண்டும். கருநிறக் கல் நிலைகளில் இன்னமும் ஆள் நிழல் தெரிகிறது; கண்ணாடி மண்டபம் என்றே பெயர். அரச உருவங்களில் சின்னச் சின்னத் துளைகள். விலையுயர்ந்த உலோகத்தைப் பதித்த இடங்கள். நீலம், சிவப்பு என்று நிறமும் பூசியிருந்தார்கள், நுண்ணோக்கியில் தடயம் கிடைக்கிறது. நாம் வியக்கும் இந்தச் சாம்பல் நிற அமைதி அவர்கள் பார்த்ததே இல்லை. உண்மையில் கண்ணைப் பறிக்கும் இடமாகத்தான் இருந்திருக்கும்.

கருவூலத்தில் தர்பார்க் காட்சிப் பலகை. அரசர் அமர்ந்திருக்கிறார், பின்னால் பட்டத்து இளவரசர், முன்னால் இரண்டு தூபக்கால், வாயருகே கை வைத்துப் பணிந்து நிற்கும் அதிகாரி. ஆரம்பத்தில் இது அபதானா படிக்கட்டின் நடுவில் இருந்தது. அந்த 23 குழுவும் நடந்து போனது இவரை நோக்கித்தான். பிற்பாடு எவரோ பலகையைப் பெயர்த்து இங்கே வைத்துவிட்டு, அந்த இடத்தில் காவல் வீரர்களை வைத்தார்கள். ஜோடிப் பலகை டெஹ்ரான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கல்லை எல்லாம் சுமந்தவர்கள் யார்? கல்லில் விடை இல்லை, களிமண்ணில் இருக்கிறது. 1933-34இல் மேடையின் வடகிழக்கு மூலையில் ஆயிரக்கணக்கில் களிமண் பலகைகள் கிடைத்தன. எலாமிய மொழியில் எழுதிய கணக்குகள், கி.மு. 509 முதல் 493 வரை. யாருக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு ஒயின், எவ்வளவு மாவு. பேரரசின் பல மூலைகளிலிருந்து வந்த கூலிக்குழுக்கள், அதில் பெண்களும் ஏராளம். பிள்ளை பெற்றவளுக்குக் கூடுதல் படி. ஆண் பிள்ளை என்றால் பெண் பிள்ளைக்குக் கொடுத்ததைப்போல இரண்டு பங்கு. ஒரு பலகையில் டேரியஸ் தன் மனைவி அர்திஸ்தோனுக்கு 100 ஆடு கொடுக்கச் சொல்கிறார். இந்தியாவிலிருந்து பேரரசின் இன்னொரு தலைநகரான சூசாவுக்குப் போன பயணிகளுக்கு வழியில் மாவு அளந்த குறிப்புகளும் உண்டு. பெரும்பகுதி ஆய்வுக்காகச் சிகாகோ போய்ப் பல பத்தாண்டு அங்கே இருந்துவிட்டு, தவணை தவணையாகத் திரும்பி வருகிறது. என்னைக் கேட்டால் அபதானாவின் ஊர்வலத்தையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே அலுவலகத்தின் வேலை.

சூசாவில் டேரியஸ் இதைப் பெருமையாகவே எழுதிவைத்தார். கேதுரு மரம் லெபனானிலிருந்து, தங்கம் சார்டிஸிலிருந்தும் (இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கத்து) பாக்ட்ரியாவிலிருந்தும், தந்தம் (எகிப்துக்குத் தெற்கே உள்ள) கூஷ், சிந்து பக்கங்களிலிருந்து, கல் வேலைக்கு ஐயோனியரும் சார்டிஸ்காரரும், பொன் வேலைக்கு மீடியரும் எகிப்தியரும், செங்கல்லுக்குப் பாபிலோனியர். பிற்கால அரசர்கள் பலர் "நான் கட்டினேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ள, இவர் கொத்தனார் எந்த ஊர் என்பதுவரை சொல்கிறார். ஊர்தான் உண்டு, பெயர் ஒன்றுகூட இல்லை.

பெர்சிபோலிஸ் கி.மு. 330இல் அலெக்சாண்டரின் கையில் எரிந்தது. குடிபோதையா, பழிவாங்கலா என்று அன்றிலிருந்து சண்டை. நூறு தூண் மண்டபத்தில் தோண்டியவர்களுக்குக் கேதுருக் கூரையின் சாம்பல் கிடைத்தது. நேற்றுச் சொன்ன மரம் இதுதான்.

வெளியே வரும் வழியில் இரட்டைத் தலைப் பறவை முகத் தூண்முகப்பு ஒன்று தரையில் நிற்கிறது. ஈரான் ஏர் விமானத்தின் வாலில் இருப்பது இதே ஹோமா என்ற புராணப் பறவைதான்.

செவ்வாய், நக்ஷே ரோஸ்தம்

பெர்சிபோலிஸுக்குப் பக்கத்திலேயே. செங்குத்தான பாறையில், எட்டாத உயரத்தில், சிலுவை வடிவில் நான்கு கல்லறை முகப்புகள். ஒன்றில் மட்டும் எழுத்து இருப்பதால் அது டேரியஸ் என்று உறுதி. மற்றவை செர்க்ஸஸ், முதலாம் அர்தக்செர்க்ஸஸ், இரண்டாம் டேரியஸ் என்று கருதப்படுகின்றன. சிலுவையின் குறுக்குக் கையில் அரண்மனை முகப்பை அப்படியே பாறையில் வெட்டியிருக்கிறார்கள். மேலே ஒரு பிரம்மாண்ட மேடை, அதன் மேல் தீக்கு முன் வில்லோடு அரசர். மேடையைக் கைகளால் தூக்கியிருப்பவர்கள் 30 பேர், ஒரு நாட்டுக்கு ஒருவர்.

எத்தனை நாடுகளை டேரியஸ் ஆண்டான் என்று தெரிய வேண்டுமென்றால் சிம்மாசனத்தைச் சுமப்பவர்களைப் பார் என்று கல்வெட்டே சொல்கிறது. பைனாகுலரில் பார்த்தேன். ஒருவர்கூடக் குனியவில்லை. முழங்கை மடக்கி, உள்ளங்கை விரித்து, கூரையைத் தொட்டுப் பார்ப்பதுபோல லேசாகத் தூக்குகிறார்கள். பாரமே தெரியாமல் சுமப்பதாகக் காட்டுவதில்தான் எல்லா சாமர்த்தியமும் இருக்கிறது. நேற்றைய பார்லிக் கணக்கு நினைவிலிருப்பதால் எனக்கு அந்த லேசு கொஞ்சம் உறுத்தியது.

அதே பாறையின் கீழே, ஆள் உயரத்தில், 500 ஆண்டுக்கும் மேல் கழித்து வந்த இன்னொரு பாரசீக அரச குலமான சாசானியர்கள். இங்கே நாசூக்கெல்லாம் கிடையாது. முதலாம் அர்தஷீர் குதிரை மேலிருந்து கடவுளிடம் ஆட்சி வளையம் வாங்குகிறார். அவர் குதிரையின் காலடியில் அவருக்கு முன் ஈரானை ஆண்ட பார்த்திய வம்சத்தின் கடைசி மன்னன் அர்தவான், கடவுளின் குதிரைக் காலடியில் தீய சக்தியான அஹ்ரிமன். தன் எதிரியும் கடவுளின் எதிரியும் ஒன்று என்று அடித்துச் சொல்லும் சமச்சீர். அடுத்து முதலாம் ஷாபூர்: ஒரு ரோமானியப் பேரரசர் மண்டியிட்டுக் கை நீட்டுகிறார், இன்னொருவரின் மணிக்கட்டை ஷாபூர் பிடித்திருக்கிறார். மண்டியிடுபவர் பிலிப், பிடிபட்டவர் கி.பி. 260இல் எடெஸ்ஸாவில் சிறைபட்ட வலேரியன் என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். அபதானாவிலும் கைப்பிடிதான், இங்கேயும் கைப்பிடிதான்!

அரசருக்குப் பின்னால் தாடியில்லாத ஒரு முகம் விரலை உயர்த்திப் பார்க்கிறது. தலைமைப் பூசாரி கர்தீர். பின்னாளில் அதிகாரம் வந்ததும் தன் உருவத்தையும் நீளமான சுயபுராணத்தையும் இந்தச் சிற்பத்தில் சொருகிக்கொண்டார். குரூப் போட்டோவில் கடைசி நிமிடத்தில் தலையை நீட்டுபவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

புதன், ஃபிரூசாபாத்

தெற்கே மலைப் பள்ளத்தாக்கு வழியாகப் பாதை. வழியில் பாறையில் அர்தஷீரின் வெற்றிச் சிற்பம், 18 மீட்டர் நீளம், ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஈட்டியில் குத்துப்பட்டு குதிரையோடு கவிழ்கிறவர்கள். கி.பி. 224இல் அர்தவானோடு நடந்த போர்.

அர்தஷீரின் அரண்மனை ஒரு ஊற்றுக்குளத்தின் கரையில் இருக்கிறது. உள்ளூர்க் குடும்பங்கள் பாய் விரித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. கட்டடம் முரடு. கரடுமுரடான கல்லை ஜிப்சம் சாந்தில் அடுக்கிய சுவர். பெர்சிபோலிஸின் தூண் ஒன்றுகூட இல்லை, மரமும் இல்லை. சதுர அறையின் மேல் வட்டக் கூரை எப்படி உட்கார்ந்தது? நான்கு மூலையிலும் சின்ன வளைவு கட்டிச் சதுரத்தை எட்டுப் பட்டையாக்கி, அதன் மேல் குவிமாடத்தை ஏற்றியிருக்கிறார்கள். பின்னால் ஈரானிய மசூதிகளின் குவிமாடங்கள் எல்லாம் கற்றுக்கொண்ட வித்தை இது. எரிவதற்கு ஏதுமில்லாததால் இத்தனை நூற்றாண்டு நிற்கிறது.

உள்ளே மாடக்குழிகளின் மேல் சுண்ண வேலையைப் பார்த்து நின்றுவிட்டேன். திங்கட்கிழமை தச்சராவின் வாசல் நிலைகள் மேல் பார்த்த அதே வளைந்த விளிம்பு. அது எகிப்திலிருந்து பெர்சிபோலிஸுக்கு வந்தது. இங்கே கல்லுக்குப் பதில் சாந்தில் பிரதி எடுத்திருக்கிறார்கள். கட்டும் முறை முழுக்க மாறியும், அரச வாசல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பு மாறவில்லை.

வியாழன், பிஷாபூர்

மேற்கே காசரூன் பக்கம். கி.பி. 266இல் ஷாபூர் எழுப்பிய நகரம், ரோமானியக் கைதிகளின் உழைப்பும் சேர்ந்து. தரை மொசைக்குகளைப் பார்க்கப் பாரிஸுக்கோ டெஹ்ரானுக்கோ போக வேண்டும், இங்கே எடுத்த இடம்தான் இருக்கிறது. தரைக்குக் கீழே இறங்கும் நீர்க்கோயில் மட்டும் அருமை: வெட்டுக்கற்களை இங்கே மறுபடி உலோகக் கவ்வியால் பிணைத்திருக்கிறார்கள், பசர்கடேயைப் போலவே.

பக்கத்துப் பள்ளத்தாக்கின் மேலே குகையில் ஷாபூரின் சிலை, 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குகையிலேயே கூரைக்கும் தரைக்கும் சேர்ந்து உருவான இயற்கைத் தூணைச் செதுக்கியது. கால் ஒடிந்து விழுந்து கிடந்ததை 1957இல் தூக்கி நிறுத்தினார்கள். முழங்காலுக்குக் கீழே சிமென்ட் பளிச்சென்று தெரிகிறது. ஏறுவது சுலபமில்லை, முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம், குறைந்துபோக மாட்டீர்கள்.

கீழே ஆற்றோரம் ஆறு சிற்பங்கள். ஒன்றில் பின்வந்த சாசானிய மன்னர் இரண்டாம் பஹ்ராம் குதிரை மேல் அமர்ந்திருக்க, எதிரே குதிரைகளும் ஒட்டகங்களுமாக ஒரு தூதுக்குழு வருகிறது. அந்தச் சிற்பத்தின் குறுக்கே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஒரு பள்ளம். பிற்காலத்தில் பாறையோரமாகத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய வாய்க்கால், அரசர், தூதர் என்று பார்க்காமல் நடுவில் புகுந்து போயிருக்கிறது. டிரைவருக்கு இதைப் பார்த்தால் ஆத்திரம். எனக்கு வாய்க்கால் வெட்டியவர்கள் மேல் கோபம் வரவில்லை. கீழே வயல் இருக்கிறது, தண்ணீர் போய்த்தானே ஆக வேண்டும்.